வகுப்பறை ஆசனமும் பிள்ளைகளின் சுகமும்

பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவன பல. பாடம் வரும், தோழமை வரும், சிறு சிறு சண்டைகளும் வரும். இவற்றோடு, அழையா விருந்தாளியாகத் தடிமனும் காய்ச்சலும் வந்து சேர்வதுண்டு. மூத்தவன் திங்கட்கிழமை தும்மினால் புதன்கிழமை தங்கை தும்முவாள். வார முடிவில் தாயார் படுக்கையில் வீழ்வார். தவணை தொடங்கிய சில வாரங்களுக்குள் இந்தக் கதை நிகழாத குடும்பம் நம்மிடையே அரிது.

பிள்ளைகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து வளர்க்க முடியாது. அவர்கள் கூடியிருந்து கற்க வேண்டியவர்கள். ஆயினும், கூடியிருக்கும் முறையில் நாம் சிறிது கருத்துச் செலுத்தினால், வியாதி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும் வேகத்தைக் குறைக்கலாம் என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சியின் முடிவு. யார் எங்கே இருப்பது, எத்தனை அடி இடைவெளி விடுவது, எந்த யன்னலைத் திறப்பது என்பன மிகச் சாதாரணமான கேள்விகள் போலத் தோன்றும். ஒரு பாடசாலை திறந்திருப்பதும் மூடிக்கிடப்பதும் இக்கேள்விகளைப் பொறுத்த காலமொன்றை நாம் அண்மையிற் கண்டோம்.

மலைக்கு அப்பால் ஓர் ஊர்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மேலேறி, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புறையினூடாகக் கீழே இறங்கினால் பல்லேகமவை அடையலாம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபுறத்தில், லக்கல–பல்லேகம பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்த ஊர் இது. இதன் அருகே ஓடும் களு கங்கை அம்பன் கங்கையிற் கலப்பது. களுத்துறையிற் கடலோடு சேரும் அதே பெயருடைய ஆறு வேறு. களு கங்கை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய பல்லேகமவின் நிலங்கள் நீருக்குள் அமிழ்ந்தன. குடும்பங்கள் பெயர்ந்தன, லக்கலப் புதிய நகரம் எழுந்தது. வீட்டையும் வயலையும் விட்டுவந்த பெற்றோருக்குப் பிள்ளையின் கல்வியே கையில் எஞ்சிய முதலாயிற்று எனில் அது மிகையாகாது.

மலைத்தொடரின் இப்புறத்தில் ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை ஆகிய பகுதிகளிலுள்ள தோட்டங்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. மொழி வேறாயினும், மலையின் இருபுறத்துப் பிள்ளைகளின் நிலைமையில் ஒற்றுமை மிகுதி. தூரத்துப் பாடசாலை, செங்குத்தான பாதை, மாணாக்கர் தொகை குறைந்த வகுப்புகள், நீண்ட மண்டபத்தைக் கரும்பலகையாலும் மரத்தட்டியாலும் பிரித்து நடத்தும் பாடங்கள் என்பன இரு திக்கிலும் காணப்படுவனவே.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொவிட் நோயின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அவ்வாண்டு யூலை 6ஆந் திகதி 5ஆம், 11ஆம், 13ஆம் தர மாணாக்கருக்கு முதலில் கதவு திறந்தது. ஒக்டோபரில் மீண்டும் அடைப்பு. 2021 சனவரியிற் பல மாகாணங்களிற் பாடசாலைகள் மறுபடியும் தொடங்கியபோது, ஆசனக் கணக்கே விதியாக வெளிவந்தது. 15 பேர் அல்லது அதற்குக் குறைந்தோர் உள்ள வகுப்பு நாள்தோறும் கூடலாம். 16 முதல் 30 பேர் வரையுள்ள வகுப்பு இரண்டு குழுக்களாகப் பிரிந்து வாரம் விட்டு வாரம் வரவேண்டும். 30க்கு மேற்பட்டால் மூன்று குழுக்கள். 2022 சனவரியில் இவ்வெல்லை தளர்த்தப்பட்டு, 20 பேர் வரையுள்ள வகுப்புகள் நாள்தோறும் கூட இடமளிக்கப்பட்டது.

இதில் மலைநாட்டுச் சிறு பாடசாலைகளுக்கு ஒரு நன்மை வாய்த்தது. மாணாக்கர் குறைவு என்பது அதுவரை அவற்றுக்கு ஒரு குறையாகவே பேசப்பட்டது. பிள்ளைகள் போதாமையால் மூடலாமா என்ற பேச்சும் இடைக்கிடை எழுவதுண்டு. ஆனால் 2021 ஒக்டோபர் 21ஆந் திகதி, நீண்ட அடைப்பின் பின்னர் முதலில் திறக்க அனுமதி பெற்றவை 200 மாணாக்கருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளே. பட்டினத்துப் பெரும் பாடசாலைகள் காத்திருக்க, கிராமத்துச் சிறு பாடசாலையின் மணி முதலில் ஒலித்தது. இடம் தாராளமாக இருந்தமையே அதன் காரணம்.

இந்நன்மையின் பெறுமதியை அறிய, அடைப்புக் காலத்தை நினைவுகூர வேண்டும். பட்டினத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் பாடங் கேட்டனர். மலைக்கிராமங்களில் அலைவரிசை தேடிப் பாறையின் உச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறிய பிள்ளைகளையும், அவர்களுடன் காட்டுவழியே நடந்த ஆசிரியர்களையும் பற்றிய செய்திகள் 2021இல் உலகெங்கும் வெளிவந்தன. அத்தகைய பிள்ளைக்கு வகுப்பறைக்கு ஈடாக வேறொன்றில்லை. ஆகவே, இரு கதிரைகளுக்கிடையே எத்தனை அடி என்பது அவர்கள் வாழ்வைத் தொடும் கேள்வியாயிற்று.

துளியும் தூரமும்

நோய்க்கும் தூரத்துக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானிகள் எவ்வாறு கண்டனர் என்பதைச் சிறிது பார்ப்போம். 1890களின் இறுதியில் செருமானிய அறிஞர் கார்ல் ஃபுளூக்கே, நாம் பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத துளிகள் தெறிக்கின்றன என்றும், அவற்றில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்றும் காட்டினார். பெருந்துளிகள் சில அடி தூரத்துக்குள் நிலத்தில் வீழ்ந்துவிடும். ஆகவே விலகியிருப்பது காவல் என்ற கருத்து வலுப்பெற்றது.

முதலாம் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தின் படைவீரர் விடுதிகளில் மூளைச்சவ்வுக் காய்ச்சல் பரவியது. ஜேம்ஸ் அலிசன் குளோவர் என்ற வைத்தியர் வீரர்களின் தொண்டையைப் பரிசோதித்து, கட்டில்கள் நெருங்க நெருங்கக் கிருமியைச் சுமப்போரின் தொகை ஏறுவதையும், கட்டில்களிடையே இரண்டரை அடி இடைவெளி விட்டபோது அது இறங்குவதையும் கண்டார். மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. கட்டில்கள் நகர்த்தப்பட்டன, அவ்வளவே. இதே குளோவர் பிற்காலத்தில் இங்கிலாந்தின் கல்விச் சபையில் வைத்திய அதிகாரியாகிப் பாடசாலை நோய்களை ஆராய்ந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் ஒரே வகுப்பில் இக்காய்ச்சல் பலருக்கு வந்தது. அதனை ஆராய்ந்த வைத்தியர்கள் வகுப்பின் ஆசன அமைப்பை வரைபடமாக்கினர். கதிரைகள் 40 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மீற்றருக்குக் குறைவான தூரத்தில் நெருங்கியிருந்த இடத்திலேயே நோய் தாவியிருந்தது. 1982இல் வெளியான இவ்வாராய்ச்சி, மூன்றடி தூரம் என்ற விதிக்கு ஒரு முக்கிய ஆதாரமாகப் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. இலங்கைப் பாடசாலைகளில் 2020இல் வலியுறுத்தப்பட்ட ஒரு மீற்றர் இடைவெளியும் இவ்வழி வந்த எண்ணமே.

முன்வரிசையில் எண்மர்

தூரம் மட்டும் போதுமா? இக்கேள்விக்கு விடைகூறும் நிகழ்ச்சி ஒன்று 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் மாவட்டத்தில் நடந்தது. ஓர் ஆரம்பப் பாடசாலையில், கொவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஆசிரியர் ஒருவர் மூக்கடைப்பும் களைப்பும் இருந்தும் இரண்டு நாள் பாடம் நடத்தினார். வகுப்பிலே கதை வாசித்துக்காட்டும்போது முகக்கவசத்தைக் கழற்றியதும் உண்டு. பிள்ளைகள் 24 பேர். அவர்கள் முகக்கவசம் அணிந்திருந்தனர். மேசைகள் ஆறடி விலகியிருந்தன. கதவும் யன்னல்களும் திறந்திருந்தன. இவ்வளவு இருந்தும் 12 பிள்ளைகளுக்கு நோய் கண்டது.

நமக்குப் பாடமாவது, யாருக்குக் கண்டது என்பதே. ஆசிரியருக்கு அண்மையிலுள்ள முதல் இரு வரிசைகளில் இருந்த 10 பேரில் 8 பேர் நோயுற்றனர். பின்னாலிருந்த மூன்று வரிசைகளில் இருந்த 14 பேரில் 4 பேரே நோயுற்றனர். பிள்ளைகளுக்கிடையே தூரம் விட்டவர்கள், பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்குமிடையே தூரத்தை எண்ணவில்லை. வகுப்பறையில் அதிகம் பேசுபவர் ஆசிரியர்; உரத்துப் பேசுபவரும் அவரே. ஆகவே அவருடைய மேசை எங்கே இருக்கிறது என்பதும், அவர் உடல்நலமின்றி வேலைக்கு வராமலிருக்க வசதி உண்டா என்பதும் ஆசன ஒழுங்கின் முதற் பகுதிகளாம்.

தூரத்தை அளவின்றிக் கூட்டுவதாலும் பயன் பெருகுவதில்லை. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலப் பாடசாலைகளை ஆராய்ந்தபோது, முகக்கவசம் அணிந்த வகுப்புகளில் மூன்றடி விட்டவற்றுக்கும் ஆறடி விட்டவற்றுக்கும் நோயளவில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. 2021 மார்ச்சில் அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் பாடசாலைகளுக்கான தூரத்தை ஆறடியிலிருந்து மூன்றடியாக்கியது.

காற்றின் பங்கு

துளி நிலத்தில் வீழும் என்றோம். வீழாத துளிகளும் உண்டு. 1934இல் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், மிகச் சிறிய துளிகள் நிலத்தை அடையுமுன்பே உலர்ந்து, நுண்ணிய உட்கருக்களாகிக் காற்றில் மிதக்கின்றன என்று விளக்கினார். சிகரெட்டுப் புகை அறை முழுதும் பரவுவது போல் இவையும் பரவும். சயரோகமும் சின்னமுத்தும் இவ்வழியே பரவுவன. சின்னமுத்துக் கிருமி, நோயாளி அறையைவிட்டு நீங்கிய பின்னரும் இரண்டு மணித்தியாலம் வரை அக்காற்றில் இருக்க வல்லது.

1974இல் நியூயோர்க் மாநிலத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றிற் சின்னமுத்து வந்தது. முதலில் நோயுற்ற ஒரே சிறுமியிடமிருந்து 28 பேருக்கு அது பரவியது. அவர்கள் 14 வெவ்வேறு வகுப்பறைகளைச் சேர்ந்தவர்கள். அச்சிறுமியோடு ஒரே அறையில் இருந்திராதோரும் அவர்களுட் பலர். இயந்திரத்தின் மூலம் ஒரே காற்றைத் திரும்பத் திரும்ப அறைகளுக்குட் செலுத்தியமையே நோய்க்கு வழியாயிற்று. இங்கே கதிரையை எவ்வளவு நகர்த்தியும் பயனில்லை. சின்னமுத்துக்குத் தடுப்பூசியே காவல். இலங்கையில் 9 மாதத்திலும் 3 வயதிலும் அது கொடுக்கப்படுகிறது. 2019இல் இந்நோயை ஒழித்த நாடு என்ற சான்றிதழ் பெற்ற நம் நாட்டில், 2023இல் அது மீண்டும் தலைகாட்டியமை நம்மை எச்சரிக்க வேண்டும்.

ஏனைய நோய்களுக்குக் காற்றோட்டம் பெருந்துணையாகும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து ஆரம்பப் பாடசாலைகளை 2020 இறுதியில் ஆராய்ந்தபோது, காற்றோட்டத்தைத் திருத்திய பாடசாலைகளில் கொவிட் நோய் 39 சதவீதம் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டி, ஒருவருக்கு நொடிக்கு 10 லீற்றர் புதிய காற்று வேண்டும் என்கிறது. 20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையில் ஆசிரியருடன் 21 பேர் இருப்பின், மணிக்கு ஏறத்தாழ 7 தடவை காற்று முழுவதும் மாறினாற்றான் இவ்வளவு கிடைக்கும். இயந்திரமின்றி இதைப் பெற, எதிரெதிரான இரு பக்கங்களும் திறந்திருக்க வேண்டும்.

இதில் நம் பழைய கட்டடங்கள் தாழ்ந்தவையல்ல. அரைச்சுவர் எழுப்பி, மேலே கம்பிவலையோ மரச்சட்டமோ இட்ட நீண்ட மண்டபங்களைக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் இன்றும் காண்கிறோம். சத்தம் மிகுதி என்றும் மழைச்சாரல் வீசுகிறதென்றும் அவற்றைக் குறைகூறுவோர் உண்டு. அக்குறைகள் மெய்யே. ஆனால் காற்றுக்கு அவற்றில் தடையில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் பாட்டனார்கள் காற்றாடக் கற்றனர். 1901இல் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதனில் மரநிழலே வகுப்பறையாயிற்று. 1904இல் பெர்லின் நகருக்கருகே சார்லொற்றன்பேர்க்கில் நலிந்த பிள்ளைகளுக்கெனக் காட்டுப் பாடசாலை ஒன்று நிறுவப்பட்டு, திறந்தவெளிக் கல்வி மேனாடுகளிற் பரவியது. யன்னலைச் சாத்திக் குளிரூட்டும் இயந்திரத்தைப் பொருத்துவதே முன்னேற்றம் என்று எண்ணும் பெற்றோர் இவற்றைச் சிந்திக்க வேண்டும்.

இருபதடி அறையில் ஒரு கணக்கு

மாணவ வாசகர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். 20 அடிச் சதுரமான ஓர் அறை. ஒரு பிள்ளையின் தோள் அகலம் ஏறத்தாழ ஒன்றேகால் அடி. பிள்ளைக்கும் பிள்ளைக்கும் ஒரு மீற்றர், அதாவது மூன்றேகால் அடி இடைவெளி விடுவோம். எனவே ஒருவரின் நடுப்பகுதியிலிருந்து அடுத்தவரின் நடுப்பகுதி வரை நாலரை அடி. சுவரை ஒட்டியும் ஆசனமிட்டால், குறுக்கே 5 பேர் இருக்கலாம். ஆசிரியருக்கும் கரும்பலகைக்கும் முன்னே ஐந்தடி விட்டால் 4 வரிசைகள் அமையும். ஆக 20 பேர். 2022இல் அனுமதிக்கப்பட்ட 20 என்ற எண்ணுடன் இது ஒத்துவருதல் காண்க.

இதே அறையில் ஆறடி விட்டால் குறுக்கே 3 பேர், 3 வரிசை. ஆக 9 பேர். ஒரு வாங்கில் நால்வரை நெருக்கி இருத்தினாலோ 40 பேரை அடைத்துவிடலாம். மூன்றடி, ஆறடி என்ற வாதத்தின் பொருள் இப்போது விளங்கும். ஆறடியை விதித்தால் 20 பேரில் 11 பேர் வீட்டில் இருக்க வேண்டும். நோயைத் தடுப்பதன் பெயரால் கல்வியைத் தடுத்துவிடாதபடி அளவறிந்து நடப்பதே அறிவுடைமை.

எவ்வாறு அமர்த்துவது?

மேலே கண்டவற்றிலிருந்து, தடிமனும் காய்ச்சலும் பரவுங் காலங்களில் எந்தப் பாடசாலையும் செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க சில முறைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பிள்ளைகள் யாவரும் ஒரே திசையை நோக்கி இருத்தல். முகத்துக்கு முகம் பார்க்குமாறு மேசைகளைச் சேர்த்துக் குழுவாக இருத்துவது கற்பித்தலுக்கு நல்லதே. நோய் பரவும் சில வாரங்களுக்கு அதனை ஒத்திவைக்கலாம்.

இரண்டாவது, நீண்ட வாங்கில் நால்வர் இருக்குமிடத்தில் இருவரை இரு அந்தங்களிலும் இருத்துதல். புதிய கதிரை வாங்கப் பணமில்லாத பாடசாலைக்கு இது இலகுவான வழி.

மூன்றாவது, இடம் மாறாதிருத்தல். இன்று இங்கே நாளை அங்கே என்று பிள்ளை மாறிமாறி இருந்தால், நோயுற்ற ஒருவருடன் பழகியோர் தொகை பெருகும். வகுப்பாசிரியர் ஓர் ஆசனப்படம் வரைந்து, திகதியிட்டு, வரவுப் புத்தகத்துக்குள் வைத்திருத்தல் நன்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது யார் யாரை முதலிற் கவனிக்க வேண்டுமென்பதை அது ஒரு நொடியிற் காட்டும்.

நான்காவது, காற்றின் போக்கை அறிதல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ரிவர்ஸ்டன் கணவாயில் நிற்பதே அரிது. வாடைக்காற்றுக் காலத்தில் மலையின் கிழக்குச் சரிவில் மழை கொட்டும். சாரலுக்கு அஞ்சி எல்லா யன்னல்களையும் சாத்துவதே வழக்கம்; வியாதி பெருகுவதும் அப்போதே. மழை அடிக்கும் பக்கத்தை மட்டும் சாத்தி, எதிர்ப்பக்கத்தையும் கூரையையொட்டிய காற்றுத் துவாரங்களையும் திறந்து வைக்கலாம். இடைவேளையில் வகுப்பை வெளியே அனுப்பி, மழை ஓய்ந்த நேரம் யாவற்றையும் திறந்துவிட்டால் அறையின் பழங்காற்று நீங்கும்.

ஐந்தாவது, ஆசிரியரின் மேசையை முதல் வரிசையிலிருந்து இயன்றவரை விலக்கி, திறந்த யன்னலின் அருகே இடுதல். பாட்டு, கூட்டு வாசிப்பு, வாய்பாடு ஒப்புவித்தல் ஆகிய உரத்த பாடங்களை முற்றத்திலோ மரநிழலிலோ நடத்துதல்.

ஆறாவது, கட்பார்வையும் செவிப்புலனும் குறைந்த பிள்ளைகளின் இடத்தைக் காத்தல். தூரம் விடும் அவசரத்தில் இப்பிள்ளைகளைப் பின்னே தள்ளினால், காய்ச்சலுக்குத் தப்பிய பிள்ளை பாடத்தை இழக்கும்.

இத்தனையும் செய்தாலும், ஆசன ஒழுங்குக்கு எட்டாத நோய்கள் உண்டு என்பதை மறத்தலாகாது. நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் அசுத்த நீராலும் உணவாலும் வருவன. அவற்றுக்குக் கைகழுவும் தொட்டியும் கொதித்தாறிய நீரும் வேண்டும். டெங்கு நோயை நுளம்பு கொண்டுவரும். பூச்சாடியிலும் கூரைப்பீலியிலும் தேங்கிய நீரை அகற்ற வேண்டும். கதிரையை நகர்த்திவிட்டுப் பீலியை மறந்தால் கடமை பாதியே நிறைவேறியதாம்.

ஆசனமும் மானமும்

இங்கே நாம் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. நம் சமூகத்தில் ஆசனம் என்பது வெறும் பலகையாக இருந்ததில்லை. 1930ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலத்திலோ வேறாக ஒதுக்கிய இடத்திலோ இருத்தப்பட்டனர். சம ஆசனத்தை அரசினர் வலியுறுத்தியபோது அதனைப் பொறாதோர் பாடசாலைகளுக்குத் தீயிட்ட கொடுமையும் நிகழ்ந்தது. ஒரு வாங்கில் ஒன்றாக இருப்பதற்காக நம்மவர் பட்ட துன்பம் சிறிதன்று.

அத்தகைய வரலாறுடைய நாம், ‘நீ எட்டி இரு’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும்போது சொல்லின் சுமையை உணர வேண்டும். இருமும் பிள்ளையை மட்டும் ஒரு மூலையில் இருத்தினால், அதன் காய்ச்சல் மூன்று நாளில் மாறும், மனப்புண் மாறாது. சயரோகத்துக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய வீட்டுப் பிள்ளை, கொவிட் காலத்தில் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை ஆகியோரைச் சக மாணாக்கர் ஒதுக்காதபடி காப்பது ஆசிரியரின் கடமை. வைத்தியர் பாடசாலைக்குச் செல்லலாம் என்று கூறிய பிள்ளைக்கு மற்றவர்க்குரிய அதே ஆசனம் உரியது.

இதனால் நாம் வற்புறுத்துவது இது: தூரம் விடுவதாயின் வகுப்பு முழுவதற்கும் விடுக, யன்னல் ஓரம் மாறுவதாயின் முறைவைத்து, நிரல் நிரலாக, மாதத்துக்கு ஒருமுறை மாற்றுக. காரணத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுக. ‘உன்னை அவனிடமிருந்து காக்கிறோம்’ என்னாமல் ‘நாம் ஒருவரை ஒருவர் காக்கிறோம்’ என்று கூறினால், ஐந்து வயதுக் குழந்தையும் விளங்கிக்கொள்ளும். எல்லார்க்கும் ஒரே அளவான இடைவெளி என்பதும் ஒருவகைச் சம ஆசனமே.

வீட்டிற் செய்ய வேண்டியது

வகுப்பறை ஒழுங்கின் வெற்றி தோல்வி காலை ஆறு மணிக்கு வீட்டு அடுக்களையில் தீர்மானிக்கப்படுகிறது. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு ஒரு வில்லையைக் கொடுத்து, சூட்டைத் தணித்து, பாடசாலைக்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய், ஒருநாட் சம்பளத்தை இழக்க முடியாமல் அவ்வாறு செய்கிறாள். அவளைப் பழிப்பதில் நியாயமில்லை. வீட்டில் மூத்தோர் ஒருவர் பார்த்துக்கொள்ள ஒழுங்கு செய்வதும், வராத நாளின் பாடத்தை அயலகத்துப் பிள்ளை கொண்டுவந்து கொடுக்க ஆசிரியர் ஏற்பாடு செய்வதும், முழுவரவுக்குப் பரிசு வழங்கும் பழக்கத்தைப் பாடசாலைகள் மறுபரிசீலனை செய்வதும் அவளுக்கு உதவும். நோயோடு வந்தமைக்காகப் பரிசளிப்பது எவ்வாறு பொருந்தும்?

கொப்பளிப்பான் கண்ட பிள்ளையின் பொக்குளங்கள் யாவும் காய்ந்து பொருக்காகும் வரை வீட்டில் வைத்திருத்தல், தடுப்பூசி அட்டையைப் பத்திரமாகப் பேணுதல், பாடசாலை வைத்தியப் பரிசோதனை நாளில் பிள்ளையைத் தவறாது அனுப்புதல், தும்மும்போது முழங்கை மடிப்பால் மூக்கை மறைக்கப் பழக்குதல் ஆகியன பெற்றோர் கையிலுள்ளவை. இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலையும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலையும் அசட்டை செய்யாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நோய்கள் இனியும் வரும். பாடசாலையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லாத நாட்களும் வரக்கூடும். ஆனால் மூடுவதற்கு முன் செய்யத்தக்கவை பல உண்டு. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஓர் அளவுநாடாவும், ஒரு சுண்ணக்கட்டியும், திறக்கக்கூடிய ஒரு யன்னலுமே போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் அடுத்த முறை கூடும்போது, சுற்றுலா, விளையாட்டுப்போட்டி பற்றிப் பேசிய பின், அதிபருடன் சேர்ந்து வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்து, எத்தனை யன்னல்கள் துருப்பிடித்துத் திறக்க மறுக்கின்றன என்று எண்ணி வருமாறு வேண்டுகிறோம். ஒரு சனிக்கிழமைச் சிரமதானத்தில் அவற்றைத் திருத்திவிடலாம். பட்டினத்துப் பெரும் பாடசாலைக்கும் பல்லேகமவின் மலையடிவாரத்துச் சிறு பாடசாலைக்கும் இது ஒருசேரப் பொருந்தும். பிள்ளைகள் சுகமாகக் கூடியிருந்து கற்பதற்கு நாம் செய்யக்கூடிய முதற்பணி இதுவாகும்.